துரை பங்களாவில் ஒரு றொட்டி

ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதத்தான் வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இதைப் படிப்போரில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களும். அவர்களுக்குச் சம்பளப் பிரச்சினை இருக்கிறது. மொழிப் பிரச்சினை இருக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிரச்சினை இருக்கிறது. இவற்றின் நடுவே, ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு சொகுசு விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று ஒருவன் எழுத வந்தால், “நாவுக்கு ருசி தேடிப் போனவனுக்கு இது வேண்டியதுதான்” என்று பக்கத்தைப் புரட்டிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை மதித்தே கேட்கிறேன்: சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். உப்புக்கும் புளிக்கும் பின்னால் வேறொரு கணக்கு இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் பாடசாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவர் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓய்வு பெற்றார். இத்தகைய வேளைகளில் நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். பொன்னாடை போர்த்துவோம், மாலை சூட்டுவோம், வாழ்த்துப்பா வாசித்துச் சட்டமிட்டுக் கொடுப்போம். அவர் மூன்றையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். “எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருக்கு. அந்தப் பங்களாவுக்குள்ள முன்வாசல் வழியா ஒருதரம் போகணும். போயி உக்காந்து ஒருவேளை சாப்பிடணும். அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்ன பங்களா, அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெரிய துரை பங்களா. இன்று அது சொகுசு விடுதி. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு விடுதியின் வியாபாரத்தைக் கெடுப்பது என் நோக்கமன்று. பெயரைச் சொன்னால், நோய் அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியதென்று நீங்கள் நினைத்துவிடவும் கூடும்.

1974ஆம் ஆண்டு அவருக்கு ஒன்பது வயது. அரிசிப் பங்கீடு குறைந்து, மாவும் அரிதாகி, தோட்டங்களில் வேலை நாட்களும் சுருங்கிப்போன காலம் அது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் அந்தப் பஞ்சத்தில் தோட்ட மக்களின் மரண வீதம் ஏறியது பதிவான செய்தி. ஹட்டன் வீதிகளில் குடும்பம் குடும்பமாகக் கையேந்தி நின்றவர்களைக் கண்டவர்கள் இன்றும் உயிரோடிருக்கிறார்கள். அந்நாட்களில் ஒருநாள், பங்களாவில் பூஞ்செடி பராமரித்த தம் தகப்பனாருடன் நண்பர் போயிருக்கிறார். குசினிப் பின்வாசலில் நின்றபோது, பங்களா அப்பு இரக்கப்பட்டுப் பாணின் கருகிய ஓரத்தை வெட்டிக் கையில் கொடுத்தாராம். அப்போது அங்கே குடியிருந்த துரை வெள்ளைக்காரர் அல்லர், நம் நாட்டவரே. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோலின் நிறம் மாறியபோதும் வாசலின் விதி மாறவில்லை.

ஐம்பத்தொரு ஆண்டுகள் கழித்து அதே வீட்டின் முன்வாசலால் நுழைய அவர் ஆசைப்பட்டார். இதில் என்ன பிழை? நாங்கள் மூவர் பணம் சேர்த்தோம். தொலைபேசியில் மேசை ஒதுக்கினோம். நால்வருமாகப் போனோம்.

நுழைந்தோம், அதில் தடையேதும் இல்லை. வாசலில் புன்னகையும் ஈரத்துணியும் கொடுத்தார்கள். பள்ளத்தாக்கை நோக்கிய பெரிய கண்ணாடிச் சன்னல்களின் ஓரமாக நான்கு மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. அவை முன்பதிவு செய்யப்பட்டவை என்று சொல்லிக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் எங்களை அமர்த்தினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து நாங்கள் எழுந்து வந்தபோதும் அந்த நான்கு மேசைகளில் மூன்று வெறுமையாகவே இருந்தன. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசலுக்கு வெளியே நின்றவர், இப்போது அதே கதவுக்கு உட்புறத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு ஆண்டுகளில் கடந்த தூரம் அந்தக் கதவின் கனம் மட்டுந்தானோ என்று எனக்குத் தோன்றியது.

உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. அரசாங்கக் காகிதத்தில் இருக்கும் உரிமை சாப்பாட்டு மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பட்டியலின் நடுவில், அலங்கார எழுத்தில், “கொழுந்து பறிப்பவளின் றொட்டி” என்று பொருள்படும் ஒரு பதார்த்தம் இருந்தது. விலை 2400 ரூபா. நண்பர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “எங்கம்மா றொட்டி இவ்வளவு விலையாகிப் போச்சா?” என்று சொல்லி அதையே கொண்டுவரச் சொன்னார்.

வந்தது. கருங்கற் பலகை ஒன்றின் மீது உள்ளங்கை அளவில் இரண்டு மெல்லிய வட்டங்கள். ஆறிப்போயிருந்தன. தேங்காய்ப்பூ இருந்ததாகச் சொன்னார்கள், பல்லில் படவில்லை. பக்கத்தில், தையற்காரர் விரலில் மாட்டும் கவசம் போன்ற கிண்ணத்தில் சம்பல். அதில் உறைப்பு இல்லை, மாசி இல்லை, சீனி இருந்தது. மற்ற மூவருக்கும் வந்த சோறும் கறியும் அதே சாதிதான். எல்லாக் கறிக்கும் ஒரே நிறம், ஒரே மணம். இறுதியாகத் தேநீர் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலை பச்சை விரித்துக் கிடக்கும் மலையின் உச்சியில், வெள்ளிக் கேத்தலில் வெதுவெதுப்பான நீரும், நூல் கட்டிய காகிதப் பையும்!

பரிமாறிய இளைஞன் எங்கள் பழைய மாணவன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே மூடிக்கொண்டது. மேசையருகில் ஆங்கிலம் மட்டுமே பேசினான். தேநீரை வைத்துவிட்டுக் குனிந்தபோது, மேற்பார்வையாளர் அப்பால் திரும்பிய சமயம் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னான்: “சேர், நல்ல தேத்தண்ணி வேணுமுன்னா கீழ முச்சந்திக் கடையில குடிங்க.” அன்று எங்களுக்குக் கிடைத்த உண்மையான உபசாரம் அந்த ஒரு வாக்கியந்தான்.

பத்து வீதச் சேவைக் கட்டணமும் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்து கணக்கு ஏறத்தாழ 29,000 ரூபா. கொடுத்தோம். இனித்தான் என் கணக்கு ஆரம்பமாகிறது.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024 செப்டம்பரில் 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. நாங்கள் சாப்பிட்ட நாளில் அதுவே நடைமுறையில் இருந்தது. 1000 ரூபா வேண்டுமென்று தெருவிலிறங்கிக் கத்திய ஆண்டுகள் எத்தனை! அந்த ஆயிரமே 2021இல்தான் கைக்கு எட்டியது. ஆக, எங்கள் நால்வரின் ஒருவேளைச் சாப்பாடு ஒரு தொழிலாளியின் இருபத்தொரு நாட்கூலிக்கும் அதிகம். அவள் பெயரைச் சொல்லி விற்கப்பட்ட அந்த றொட்டியின் விலை மட்டும், கட்டணமும் வரியும் சேருமுன்பே, அவளுடைய ஒன்றே முக்கால் நாட்கூலி.

தேநீரின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. பல தோட்டங்களில் பதினெட்டுக் கிலோ அளவில் கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர் விழுகிறது; குறைந்தால் அரைப்பேர். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. எனவே பதினெட்டுக் கிலோவுக்கு நான்கு கிலோ தேயிலை. கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால் 2000 கோப்பைகள். கேத்தலுக்கு இரண்டு கோப்பையென்றால் 1000 கேத்தல்கள். நாங்கள் குடித்த கேத்தல் ஒன்றின் விலை 1600 ரூபா. பெருக்கிப் பாருங்கள்: பதினாறு லட்சம் ரூபா! தொழிற்சாலை, லொறி, ஏலம், பெட்டி, விடுதியின் விறகு, வெள்ளிக் கேத்தலின் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளுங்கள். தாராளமாகவே கழித்துக்கொள்ளுங்கள். கூடை சுமந்தவளுக்கு எஞ்சியது 1350 ரூபாதானா என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கும்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். அவர்களுடைய வாதங்களை நான் அறிவேன். அவற்றில் சில என் வாயிலிருந்தும் ஒருகாலத்தில் வந்தவையே.

முதலாவது வாதம்: “சுற்றுலாத் தொழில் மலையக இளைஞருக்கு வேலை தருகிறது. அதையும் கெடுக்கப் போகிறீர்களா?” இல்லை. கொழும்புக்குப் போய்க் கடைகளில் மூட்டை தூக்குவதைக் காட்டிலும், தன் வீட்டருகில் வேலை கிடைப்பது நல்லதே. பாழடைந்த பங்களா விடுதியாவதையும் நான் எதிர்க்கவில்லை. நுவரெலியாவில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் வாசஸ்தலம் ஹோட்டலாயிற்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாயிற்று. நான் கூறும் சம்பவம் இவற்றில் நடந்ததன்று. கட்டடங்கள் தொழில் மாறுவது உலக இயல்பு. நான் கேட்பது வேறு. வேலை கொடுத்தவர் தம் ஊழியனின் நாவைக் கட்டிப்போடலாமா? தன் ஆசிரியரிடம் தன் மொழியில் பேசத் திருட்டுப் பார்வை பார்க்க வேண்டிய நிலைக்கு உத்தியோகம் என்று பெயரா? நாங்கள் கட்டிய பத்து வீதத்தில் அவன் பைக்குள் எவ்வளவு போகிறது என்று பற்றுச்சீட்டில் எழுதக் கூச்சமென்ன?

இரண்டாவது வாதம்: “கையில் வசதியில்லாதவர் அங்கே போவானேன்?” நாங்கள் கடன் சொல்லவில்லை, சதம் குறையாமல் கொடுத்தோம். சன்னலோர மேசை மறுக்கப்பட்டது பணம் இல்லாததாலன்று. எங்கள் முகத்தில் லயம் எழுதியிருந்தது, அதனால் மறுக்கப்பட்டது. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கிய காலம் முதல் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அங்கே விதி வெளிப்படையாக இருந்தது. எதிர்த்துப் போராடவும் முடிந்தது. இன்றைய விதி எங்கும் எழுதப்படவில்லை. அது புன்னகையோடு வருகிறது. “முன்பதிவு” என்று பெயர் சூட்டிக்கொள்கிறது.

இந்த மண்ணில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்ற கேள்வி எங்களுக்குப் புதியதன்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூலில் படிக்கிறோம். காடழித்துக் குழிவெட்டி நட்ட கைகளின் பெயர்களைப் படிப்பதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளை நாடற்றவராக்கியது. என் நண்பர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1964 ஒக்டோபரில், இரு பிரதமர்கள் கூடி 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பங்கு பிரித்தார்கள். மூட்டை எண்ணுவதைப் போல மனிதரை எண்ணிய அந்த ஒப்பந்தத்தின் நிழலிலேயே அவர் வளர்ந்தார். 2023இல் “மலையகம் 200” என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், “நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்” என்று காலால் நடந்து எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு அவரைக் குசினிக் கதவோரம் உட்காரவைப்பது சின்ன விஷயமா?

மூன்றாவது வாதம், இலக்கிய நண்பர்களுடையது. இது மிகவும் நாகரிகமானது. ஆகவே மிகவும் அபாயகரமானது. “எதற்கெடுத்தாலும் வர்க்கம், சுரண்டல் என்கிறீர்களே! மலையின் அழகு அழகாக இருக்கட்டும். சாப்பாட்டின் ருசி ருசியாக இருக்கட்டும். அரசியலைச் சம்பலில் கலக்காதீர்கள்” என்பார்கள்.

சம்பலில் அரசியலைக் கலந்தது நானா? உறைப்பை எடுத்துச் சீனியைப் போட்டவர் யார்? நண்பர்களே, அந்த றொட்டி ஏன் ருசிக்கவில்லை என்று நீங்களே ஆராய்ந்து பாருங்கள். அந்தப் பங்களாவின் புல்வெளிக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், லயங்கள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களில் ஒவ்வொரு நாளும் விடியுமுன் பெண்கள் எழுந்து மாப் பிசைகிறார்கள். துருவிய தேங்காய், உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கையளவே தண்ணீர். சற்றே மூடிவைத்து, உருண்டை பிடித்து, கையாலேயே தட்டி, விறகடுப்பின் காய்ந்த கல்லில் போட்டு, கரும்புள்ளி விழத் திருப்பி எடுக்கிறார்கள். செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் அம்மியில் தட்டி, எலுமிச்சம்புளி விட்டுக் கட்டச் சம்பல் செய்கிறார்கள். கொழுந்துச் சாக்கும் கூடையுமாய் மலைக்குப் போகும்போது அந்த றொட்டியும் கூடப் போகிறது. தேத்தண்ணி நேரத்தில், ஈரத் துணியோடு, நின்றபடி தின்கிறார்கள்.

இந்த உணவு ஆசையால் பிறந்ததன்று. கோதுமை இம்மலையில் விளைவதில்லை. அது கப்பலில் வந்தது. தோட்டம் அளந்து கொடுத்த அரிசியின் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1927ஆம் ஆண்டுச் சட்டமே அந்த அரிசியின் விலையையும் சேர்த்துத்தான் பேசிற்று. அரிசி சுருங்கச் சுருங்க மா வந்தது. கறியில்லாமல் தின்னலாம், மடித்து எடுத்துப் போகலாம், வயிற்றில் நெடுநேரம் நிற்கும். வறுமை வகுத்த சமையல் இது. ஆனால் அந்த வறுமைக்குள்ளும் எங்கள் பெண்கள் ருசியைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் அவர்களுடைய கலை. அதுதான் அவர்களுடைய அறிவு.

அந்த அறிவைக் கேட்க யாரும் புல்வெளியைக் கடந்து கீழே இறங்கவில்லை. பெயரை எடுத்தார்கள், படத்தை எடுத்தார்கள், அவளை விட்டுவிட்டார்கள். ஒருமுறை ஒரு கிழவியை அழைத்து, நியாயமான சம்பளம் பேசி, “அம்மா, நீங்களே சுடுங்கள்” என்று சொல்லியிருந்தால் 2400 ரூபாவுக்குக் குறைந்தபட்சம் சூடான றொட்டியாவது கிடைத்திருக்கும். சமைக்கத் தெரிந்தவளைக் கேட்காததனாலேயே சாப்பாடு கெட்டது. ஆகவே, ருசியை அரசியலிலிருந்து பிரிக்கச் சொல்லும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: அலட்சியம் சேர்ந்த பண்டம் நாவிலும் கசக்கும்.

இனி, நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். விடுதிக்காரரைத் திட்டிவிட்டு ஆசிரியர்கள் கை கழுவிக்கொள்வது நேர்மையாகாது. எங்கள் வகுப்பறைகளில் நடப்பதென்ன? றொட்டி கொண்டுவரும் பிள்ளை, இடைவேளையில் பெட்டியின் மூடியால் அதை மறைத்துத் தின்கிறது. நகரத்துப் பிள்ளைகள் அதற்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். நாம் கேட்டும் கேளாதவர்போல இருக்கிறோம். கல்விப் பணிப்பாளர் வருகிற நாளில், “இன்றைக்கு மட்டும் றொட்டி வேண்டாம், பணிஸ் கொடுத்துவிடுங்கள்” என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியவன் நானே. தோட்டத் தமிழைத் திருத்தி, தோட்டத்துச் சாப்பாட்டை ஒளித்து, தோட்டத்துப் பிள்ளையை ‘முன்னேற்றி’ அனுப்புகிறோம். அப்படி முன்னேறியவனே அன்று எங்களுக்குப் பரிமாறினான். தன் மொழியை ஒளிக்க அவன் பயிற்சி பெற்ற முதல் இடம் அந்த விடுதியன்று, எங்கள் பாடசாலை.

எனவே நான் இரு பக்கமும் கோரிக்கை வைக்கிறேன். விடுதிகளை நடத்துவோரே! உணவுப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். சேவைக் கட்டணத்தை ஊழியருக்கு முழுமையாகப் பகிர்ந்து, பகிர்ந்த கணக்கை அவர்கள் கண்முன் ஒட்டுங்கள். ஊழியர் தம் மொழியில் பேசுவதைக் குற்றமாக்காதீர்கள். தொழிலாளியின் பெயரில் ஒரு பண்டத்தை விற்றால், அதைச் சமைக்கும் வேலையையும் அந்த வேலைக்குரிய ஊதியத்தையும் அவளுக்கே கொடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே! கூலிப் பேச்சு கொழுந்தோடு நின்றுவிட வேண்டாம். பங்களாக்கள் விடுதிகளாகின்றன, தேயிலைச் செடி காட்சிப் பொருளாகிறது, காட்சியைப் பராமரிப்பவளின் பங்கு எங்கே என்று கேளுங்கள்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. ஆகவே இன்னும் கடினமானது. அடுத்த வாரம் வகுப்பில், “எங்கள் வீட்டுச் சாப்பாடு” என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள், மா என்ன விலை, அவளுக்கு அன்றைக்கு எத்தனை கிலோ விழுந்தது என்று எழுதட்டும். அந்தக் கணக்கைப் பிள்ளைகளே கூட்டிப் பெருக்கிப் பார்க்கட்டும். அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சிரிப்பவன் எவனாவது இருந்தால், அவனுக்குப் பாடம் நடத்துவது உங்கள் கடமை.

பங்களாவிலிருந்து திரும்பும் வழியில், மாணவன் சொன்ன முச்சந்திக் கடையில் இறங்கினோம். தகரக் கூரை, வாங்கு ஒன்று, புகை. கடைக்கார அம்மா யாரென்றும் கேட்கவில்லை, எவரென்றும் கேட்கவில்லை. “உக்காருங்க ஐயா” என்றார். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்த றொட்டியை நண்பர் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். கண்ணில் நீர் வந்தது, உறைப்பென்று சொன்னார். இரண்டாவதையும் கேட்டு வாங்கித் தின்றார். நால்வரும் வயிறார உண்டு, தேத்தண்ணியும் குடித்த பிறகு, நான் காசு கொடுக்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “இது என் விருந்து” என்றார்.